கணினி அளவைகளின் வரலாறு

அளவை என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருளுண்டு. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நம் முன்னோர் வகுத்த நால்வகை அளவும் அளவை எனப்படும். ஒரு பொருளின் உண்மையை அறிதற்குக் கருவியாகிய பிரமாணமும் அளவை எனப்படும். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் சுபக்கத்திலே பதியின் இலக்கணத்தைக் கூறப் புகுமுன் அளவையின் இலக்கணத்தையே வைத்தார். எதனைக் கொண்டு அறிகின்றோம் என்பது தெளிந்தாலன்றி, எதனை அறிந்தோம் என்பதும் தெளிவாகாது.

இவ்விரு பொருளும் இக்காலத்திலே ஒருங்கு சந்திக்கும் இடமொன்றுண்டு. அதுவே கணினி. ஒரு டெராபைற்று கொள்ளும் வட்டு என்று பெட்டியில் எழுதியிருக்கக் கண்டு ஒருவர் பணங் கொடுத்து வாங்குகின்றார். வீட்டிலே கணினியிற் பொருத்தினால் அது 931 கிகாபைற்று என்று காட்டுகின்றது. கடைக்காரர் ஏமாற்றினார் என்பர் சிலர். வட்டிலே பழுதுண்டு என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையல்ல. பெட்டியில் எழுதியதும் சரி. கணினி காட்டியதும் சரி. ஒன்றுக்கொன்று மாறான இரண்டு கூற்றும் சரியாதல் எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், இவ்வளவைகள் பிறந்து வளர்ந்த வரலாற்றை நாம் சற்றே நோக்குதல் வேண்டும்.

பிற்றும் பைற்றும்

நெல்லை அளக்கக் கொத்தும் புசலும் இருந்தன. துணியை அளக்க முழமும் யாரும் இருந்தன. செய்தியை அளக்க ஒரு படி உண்டோ என்று கேட்டு, உண்டு என்று நிறுவியவர் குளோட் சனன் என்ற அமெரிக்க அறிஞராவார். பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய அவர் 1948-ம் ஆண்டில் செய்தித் தொடர்பின் கணித முறை பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளப் போதுமான செய்தியே மிகச் சிறிய செய்தி என்பது அவர் கொள்கை. அதற்குப் பிற்று என்று பெயரிட்டார். அப்பெயரைத் தமக்கு எடுத்துக் கூறியவர் ஜோன் ரூக்கி என்ற கணித அறிஞர் என்பதையும் அக்கட்டுரையிலேயே குறிப்பிட்டார். இருமை எண்ணின் இலக்கம் என்ற ஆங்கிலச் சொற்றொடரின் சுருக்கமே பிற்று.

எனினும் ஒரு பிற்றைக் கொண்டு ஓர் எழுத்தைத்தானும் எழுத முடியாது. நெல்மணியை எண்ணி வியாபாரஞ் செய்ய முடியாதவாறு போலவே இதுவும். ஆதலால் பிற்றுகளைக் கூட்டி ஒரு தொகுதியாக்க வேண்டியதாயிற்று. 1956-ம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஸ்றெற்ச் என்ற பெருங்கணினியை வகுத்துக்கொண்டிருந்த வேர்னர் புக்கோல்ஸ் என்பவர் இத்தொகுதிக்குப் பைற்று என்று பெயர் வைத்தார். ஒரு கடி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அது. கணினி ஒரு வாயிலே கடித்து விழுங்கும் அளவு என்று கொள்ளலாம். ஆனால் அச்சொல்லை உள்ளவாறே எழுதினால் பிற்று என்னும் சொல்லோடு கைப்பிழையால் மயங்கக்கூடும் என்று அஞ்சி, அதன் எழுத்தொன்றை வேண்டுமென்றே மாற்றி எழுதினார். பெயர் மயக்கத்தை அன்றே எண்ணிப் பார்த்த அவரது எச்சரிக்கை பின்வந்தோர்க்கு இல்லாமற்போனதே நாம் சொல்லப்போகும் கதை.

தொடக்கத்தில் ஒரு பைற்றுக்கு இத்தனை பிற்று என்ற நியதி இருக்கவில்லை. ஆறு பிற்றுக் கொண்டு எழுத்தைக் குறித்த கணினிகள் பல. 1964-ம் ஆண்டு ஏப்பிரில் 7-ந் தேதி ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்ரம் 360 என்ற கணினி வரிசையை அறிவித்தது. அதிலே ஒரு பைற்று எட்டுப் பிற்று என நிலைபெற்றது. எட்டுப் பிற்றால் 256 வேறுபட்ட குறிகளை அமைக்கலாம். அவ்வரிசை பெற்ற வெற்றியால் எட்டுப் பிற்றுப் பைற்றே உலகெங்கும் வழக்காயிற்று.

பத்தின் வழியும் இரண்டின் வழியும்

பைற்று நிலைபெற்றது, ஆனால் ஆயிரம் பைற்று எத்தனை பைற்று என்பதிலேதான் குழப்பம் பிறந்தது. இதென்ன, ஆயிரம் என்பது ஆயிரந்தானே என்று வாசகர் நகைக்கக்கூடும். சற்றே பொறுத்தருள்க.

கணினிக்கு இரண்டு வகைச் சேமிப்பிடம் உண்டு. ஒன்று, வேலை நடைபெறும்போது மாத்திரம் செய்தியை வைத்திருக்கும் நினைவகம். மற்றது, மின்சாரம் நின்றாலும் செய்தியைக் காத்து வைக்கும் வட்டு. நினைவகத்திலே ஒவ்வோர் அறைக்கும் ஓர் இலக்கம் உண்டு. அவ்விலக்கத்தைச் சுட்டுவன மின்கம்பிகள். ஒரு கம்பிக்கு இரண்டு நிலையாதலால், ஒரு கம்பியால் 2 அறையைச் சுட்டலாம். இரண்டு கம்பியால் 4 அறை. மூன்றால் 8 அறை. இங்ஙனம் இரட்டித்துக்கொண்டே போனால் பத்துக் கம்பிக்கு 1,024 அறைகள் வரும். நினைவகம் செய்வோருக்கு 1,000 என்பது இயல்பான எண்ணன்று. 1,024 என்பதே இயல்பானது. அதற்குத் தனிப்பெயர் இல்லாமையால், ஆயிரத்துக்கு அண்மையில் நிற்கின்றது என்ற காரணத்தால், கிலோ என்ற பெயரை அதற்கும் சூட்டிவிட்டார்கள்.

வட்டின் கதை வேறு. வணிகத்துக்கு வந்த முதல் வட்டுச் சேமிப்புக் கருவி 1956-ம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்ற கணினியோடு வந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேலொன்றாகச் சுழலும். அவற்றின் பக்கங்கள் 100. பக்கமொன்றுக்குத் தடங்கள் 100. தடமொன்றிலே 500 எழுத்துகள். இவற்றைப் பெருக்கினால் 50 இலட்சம் எழுத்துகள் வருகின்றன. இங்கே இரட்டித்தல் என்ற பேச்சே இல்லை. எத்தனை தட்டு, எத்தனை தடம் என்பதெல்லாம் செய்வோர் விருப்பம். ஆதலால் வட்டுச் செய்வோர் தொடக்கத்திலிருந்தே பத்தின் வழியிலே எண்ணிவந்தனர்.

பெயரின் உரிமையும் அவர்கள் பக்கமே இருந்தது எனலாம். கிலோ என்பது ஆயிரம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிரான்சு தேசத்தார் 1795-ம் ஆண்டில் மெற்றிக் அளவைகளைச் சட்டமாக்கியபோது அதனை வழங்கினர். கிகா, டெரா என்ற பெயர்கள் 1960-ம் ஆண்டில் அனைத்துலக அளவை முறையிலே ஏற்கப்பட்டன. இவையெல்லாம் பத்தின் பெருக்கங்களையே குறிப்பன.

குழப்பத்தை முன்னரே கண்டவர்களும் இருந்தார்கள். 1968-ம் ஆண்டில் டொனால்ட் மொரிசன் என்பவர் 1,024 என்ற எண்ணுக்குக் கப்பா என்ற கிரேக்க எழுத்தைத் தனிக்குறியாக வழங்கலாம் என்று கணினி அறிஞரின் சஞ்சிகையொன்றிலே எழுதினார். அவர் சொல் எடுபடவில்லை. அக்காலத்திலே வேறுபாடு மிகச் சிறிது. கிலோ என்ற படியிலே நூற்றுக்கு 2.4 பங்குதான் வித்தியாசம். ஆனால் படி உயர உயர வித்தியாசமும் உயரும். மெகாவிலே அது நூற்றுக்கு 4.9 ஆகின்றது, கிகாவிலே 7.4, டெராவிலே ஏறத்தாழ 10. சிறு பிளவென்று விட்டது பெரும்பிளவாயிற்று. வட்டுச் செய்வோரின் ஒரு டெராபைற்று 1,000,000,000,000 பைற்று. அதனை 1,073,741,824 பைற்றுக் கொண்ட இரட்டை வழிக் கிகாபைற்றால் வகுத்தால் 931 என்பதே ஈவு. வட்டிலே ஒரு பைற்றும் குறையவில்லை. அளந்த படி மாறியது, அவ்வளவே.

இரு வழியையும் கலந்து மூன்றாவது வழியொன்றைச் செய்தவர்களும் உளர். 1987-ம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் கணினிகளோடு வந்து பரவிய மூன்றரை அங்குல நெகிழ்வட்டை நம்மிற் பலர் கையாண்டிருக்கின்றோம். அதன்மேல் 1.44 மெகாபைற்று என்று எழுதியிருக்கும். 80 தடம், 2 பக்கம், தடத்துக்கு 18 கூறு, கூறுக்கு 512 பைற்று எனப் பெருக்கினால் 1,474,560 பைற்று வரும். இது பத்தின் வழியிலே 1.47 மெகாபைற்று, இரண்டின் வழியிலே 1.41 மெகாபைற்று. 1.44 என்பது இரண்டுமன்று. 1,024 பைற்றைக் கிலோ என்று வைத்துப் பின்னர் ஆயிரங் கிலோவை மெகா என்று எண்ணியதால் வந்த கலப்பெண் அது.

ஒரு பெயரால் வந்த வழக்கு

ஒரே பெயர் இரண்டு அளவைக் குறிப்பது யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை வாசித்துப் பழகிய முதியோருக்குப் புதுமையன்று. லாச்சம் என்ற ஒரே பெயர் நெற்காணியிலே ஓர் அளவையும், வரகுக் காணியிலே அதனிற் பெரிய வேறோர் அளவையும் குறித்தது. ஆதலால் உறுதி முடிக்கும் நொத்தாரிசு லாச்சத்தின் தொகையை எழுதுவதோடு நில்லாமல், நெல்லோ வரகோ என்பதையும் சேர்த்து எழுதினார். அந்த ஒரு சொல் எல்லைச் சண்டையைத் தடுத்தது.

கணினி உலகம் இவ்வறிவைச் சிறிது காலந் தாழ்த்தே பெற்றது. சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு இரட்டை வழி அளவுகளுக்குத் தனிப்பெயர்களை 1998-ம் ஆண்டு இறுதியில் ஏற்று, 1999-ம் ஆண்டு தொடக்கத்தில் வெளியிட்டது. 1,024 பைற்றுக்குக் கிபிபைற்று என்றும், அதன்மேல் மெபிபைற்று, கிபிபைற்று, டெபிபைற்று என்றும் அவை அமைந்தன. முதலாவதும் மூன்றாவதும் ஆங்கிலத்தில் வேறுபட்ட ஒலியுடையன. நம் எழுத்திலோ இரண்டும் ஒரே வடிவாய் நிற்கின்றன! மயக்கந் தீர்க்க வந்த பெயரே தமிழில் மயக்கந் தருவதால், இவற்றைத் தமிழில் வழங்குவோர் எண்ணையும் உடனெழுதுதல் நன்று.

புதுப்பெயர்கள் அறிஞரிடையே பரவின, கடைவீதியிற் பரவவில்லை. அமெரிக்காவிலே வாங்கியோர் நீதிமன்றம் சென்றனர். 2006-ம் ஆண்டில் வெஸ்ரேண் டிஜிற்றல் என்ற வட்டு நிறுவனம் இத்தகைய வழக்கொன்றைச் சமரசமாக முடித்து, வாங்கியோருக்குப் பிரதி காக்கும் மென்பொருளை இலவசமாக வழங்க இணங்கியது. மறுவருடம் சீகேற் நிறுவனமும் அவ்வாறே சமரசஞ் செய்தது. 2020-ம் ஆண்டில் கலிபோர்னியாவிலே சான்டிஸ்க் நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கிலே, ஒரு கிகாபைற்று என்பது நூறு கோடி பைற்று என்று கொண்டு விற்றது பிழையன்று என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நிறுவனம் தன் பொதியின்மேல் இன்ன அளவையே தான் கொண்டதென்று எழுதியிருந்தது. நொத்தாரிசு எழுதிய அந்த ஒரு சொல்லின் வேலையைத்தான் பொதியின்மேலிருந்த அவ்வரியும் செய்தது.

ஆப்பிள் நிறுவனம் 2009-ம் ஆண்டில் தன் கணினிகளைப் பத்தின் வழியிலே எண்ணுமாறு மாற்றியது. மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் விண்டோஸ் இன்றும் இரண்டின் வழியிலே எண்ணிக் கிகாபைற்று என்ற பழம் பெயராலேயே காட்டுகின்றது. ஆகவே ஒரே வட்டு இரு வீடுகளிலே இரு எண்ணைப் பெறுகின்றது.

உள்ளளவும் இடவளவும்

இதுவரை கூறியது எந்தப் படியால் அளந்தோம் என்பது பற்றியது. இனி, எதனை அளந்தோம் என்பதையும் ஆராய்தல் வேண்டும். விண்டோஸ் கணினியிலே ஒரு கோப்பின் விபரத்தைத் திறந்து பார்த்தால் இரண்டு எண்கள் தோன்றும். ஒன்று கோப்பின் அளவு; மற்றது வட்டில் அது கொண்ட இடம். முன்னதை உள்ளளவு என்றும் பின்னதை இடவளவு என்றும் நாம் வழங்குவோம்.

வட்டிலே இடம் பைற்றுப் பைற்றாகக் கொடுக்கப்படுவதில்லை. அது சம அளவான அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஓர் அறையை ஒரு கோப்புக்குக் கொடுத்தால், மிகுந்த இடம் வேறொரு கோப்புக்குச் சேராது. மடத்திலே அறைகளை வாடகைக்கு விடும்போது, ஒருவர் தங்கினாலும் நால்வர் தங்கினாலும் அறை ஒன்றே போவது போலக் கொள்க.

அறை எவ்வளவு பெரிதாயிருத்தல் வேண்டும் என்பது எளிய வினாவன்று. அறை பெரிதானால் வேலை விரையும், இடம் வீணாகும். அறை சிறிதானால் இடம் மிஞ்சும், வேலை தாமதிக்கும். இதனை அளந்து காட்டியவர்கள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலிப் பகுதியைச் சேர்ந்த மக்கூசிக், ஜோய், லெவ்லர், வாப்ரி என்போர். 1984-ம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையிலே, 512 பைற்று அறையானால் நூற்றுக்கு 6.9 பங்கு இடம் வீணாகும் என்றும், அதே கோப்புகளை 4,096 பைற்று அறையிலே வைத்தால் நூற்றுக்கு 45.6 பங்கு வீணாகும் என்றும் கணக்குக் காட்டினர். அவர்கள் கண்ட பரிகாரம், பேரறையைக் கொடுத்து, கோப்பின் கடைசித் துண்டுக்கு மாத்திரம் அவ்வறையைச் சிறுகூறுகளாகப் பிரித்துக் கொடுப்பது. விரைவும் சிக்கனமும் ஒருங்கே கைகூடின.

வீட்டுக் கணினிகளிலே இச்சிக்கனம் இருக்கவில்லை. பற்16 என்ற பழைய முறையிலே அறைகளின் தொகை 65,536 என்ற எல்லையைத் தாண்ட முடியாது. ஆதலால் வட்டுப் பெரிதாகும்போது அறையும் பெரிதாகியே தீரும். இரண்டு கிகாபைற்றுப் பகுதியிலே ஓர் அறை 32,768 பைற்று ஆயிற்று. ஓரெழுத்து மாத்திரம் எழுதிய கோப்பும் அவ்வளவு இடத்தைக் கொண்டது. அத்தகைய சிறு கோப்புகள் ஆயிரமிருந்தால் மூன்று கோடியே இருபத்தேழு இலட்சத்து அறுபத்தெட்டாயிரம் பைற்று இடம் போய்விடும். 1996-ம் ஆண்டில் வந்த பற்32 என்ற முறை அறையைச் சிறிதாக்கி இக்குறையைப் பெரும்பாலும் போக்கியது.

இடவளவு உள்ளளவிற் குறைவாதலும் உண்டு. யுனிக்ஸ் முறையிலே, நடுவில் ஒன்றும் எழுதாது விடப்பட்ட வெற்றிடத்துக்கு அறை ஒதுக்கப்படுவதில்லை. உள்ளளவிலே மாத்திரம் அது எண்ணப்படும். பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த யுனிக்ஸின் முதற் கைந்நூல் 1971-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி வெளிவந்தது. அதிலேயே டீ-யூ, டீ-எப் என இரண்டு கட்டளைகள் இடம்பெற்றன. முன்னது, பெயருடைய கோப்புகள் கொண்ட இடத்தைக் கூட்டிச் சொல்வது. பின்னது, வட்டிலே வெறுமையாயுள்ள இடத்தைச் சொல்வது. இரண்டும் சில வேளைகளிலே முரண்படும். ஒரு நிரல் வாசித்துக்கொண்டிருக்கும் கோப்பை நாம் நீக்கிவிட்டால், பெயர் உடனே நீங்கும். ஆனால் அந்நிரல் முடியும்வரை இடம் நீங்காது. பெயரைக் கொண்டு எண்ணுவது அதனைக் காணாது. இடத்தைக் கொண்டு எண்ணுவது அதனைக் காணும். இரண்டு கணக்கும் பொய்யல்ல. இரண்டும் இரு வினாக்களின் விடைகள்.

தமிழெழுத்தின் அளவு

இவ்வரலாற்றிலே எமது மொழிக்கும் ஓரிடம் உண்டு. 1991-ம் ஆண்டில் வெளிவந்த யுனிகோட் என்ற உலக எழுத்துக் குறிமுறையிலே தமிழும் சேர்க்கப்பட்டது. மறுவருடம் கென் தொம்சன், ரொப் பைக் என்ற இருவரும் அக்குறிகளைப் பைற்றுகளாக எழுதும் யூ.ரீ.எப்.-8 என்ற முறையை வகுத்தனர். அம்முறையிலே ஆங்கில எழுத்தொன்றுக்கு 1 பைற்றும், தமிழ்க் குறியொன்றுக்கு 3 பைற்றும் செல்லும். அன்றியும் உயிர்மெய்யிலே மெய்க்கு ஒரு குறியும் உயிர்க்கு ஒரு குறியுமாக இரண்டு வரலாம். தமிழ் என்ற சொல் நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு 5 குறி, 15 பைற்று. திருவைந்தெழுத்தை நமசிவாய என்று எழுதினால், நமக்கு ஐந்தெழுத்து. கணினிக்கு 7 குறி, 21 பைற்று.

இதனைக் கண்டு தமிழ் பாரமான மொழியென்று எவரும் எண்ணவேண்டியதில்லை. ஒரு பக்கத்திலே 2,000 குறிகள் இருந்தாலும் 6,000 பைற்றுத்தான் ஆகும். அதே பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளியாக நிறத்தோடு படம் பிடித்தால், ஏ4 தாளொன்றுக்குச் சுருக்காத நிலையிலே 26,099,520 பைற்று வேண்டும். சுருக்கினால் இது வெகுவாய்க் குறையும். எனினும் எழுத்தாகத் தட்டியதற்கு ஒப்பாகாது. நூறு பக்க மலரொன்றைப் படமாக வைத்தால் சுருக்குமுன் 2.6 கிகாபைற்று. எழுத்தாக வைத்தால் ஒரு மெகாபைற்றுக்கும் குறைவு.

இக்கணக்கு எமக்கு ஏன் வேண்டும்? 1981-ம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் எரிந்தன. பிரதியுள்ளது மீளும், பிரதியற்றது மீளாது என்பதை அந்நெருப்பு எமக்குக் கற்பித்தது. 2005-ம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் கணினியிலே காத்துவருகின்றது. ஒவ்வொரு சங்கமும் தன் பழைய மலர்களையும் கூட்டக் குறிப்புகளையும் அவ்வாறு காத்தல் கடமையாகும்.

அப்பணியிலே இறங்கும் வாலிபர்கள் மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். வட்டு வாங்கும்போது பெட்டியிலுள்ள எண் பத்தின் வழியது என்று அறிந்து, டெராவுக்கு 931 என்றே கணக்கிடுக. சிறு கோப்புகள் பலவாயின், உள்ளளவின் தொகையை நம்பாது இடவளவின் தொகையை நோக்கி இடந் தேடுக. ஒரு வட்டிலிருந்து மற்றொன்றுக்குப் பிரதி எடுத்தபின், இரண்டிலும் கோப்பின் உள்ளளவைப் பைற்றுக் கணக்கிலே ஒப்பிடுக. ஒரு பைற்று வேறுபட்டாலும் பிரதி பிழையே. ஒத்திருந்தால், திறந்தும் வாசித்துப் பார்க்க. இடவளவு வேறுபட்டால் அஞ்சவேண்டியதில்லை. அறையின் அளவு வட்டுக்கு வட்டு வேறாகலாம்.

எண் தனியே உண்மையைச் சொல்வதில்லை. எந்தப் படியால், எதனை அளந்தது என்ற இரண்டும் சேர்ந்தபோதே அது அளவையாகின்றது. லாச்சத்தோடு நெல்லா வரகா என்று கேட்டறிந்த முதியோரும், கிகாபைற்றோடு பத்தா இரண்டா என்று கேட்டறியும் இளைஞரும் செய்வது ஒரே வேலை. முதியோர் அவ்வழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க, இளைஞர் அதனைப் புதிய கருவியிலே வைத்து வழங்க, எமது ஏடுகள் குறைவின்றி நிலைபெறுவதாக.